ஜப்பான் டோ-ரே-மி கற்றுக்கொண்ட கதை

ஜப்பானில் பெரிய கடைகளிலும் நூலகங்களிலும் மூடும் நேரம் நெருங்கினால் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். மூன்று மூன்று தட்டாக, தூளி ஆடுவது போல மெதுவாகப் போகும். அதைக் கேட்டதும் ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லாப் பக்கம் நகர ஆரம்பித்துவிடுவார்கள். "கடை மூடப் போகிறோம்" என்று யாரும் கத்த வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் புத்தாண்டு இரவில் கைகோத்துப் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டின் மெட்டு அது. ஜப்பானில் அதற்குப் பெயர் 'ஹோதாரு நோ ஹிகாரி', அதாவது மின்மினியின் வெளிச்சம். பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரியும் நாளில் தலைமுறை தலைமுறையாகப் பாடிய பாட்டு. (பள்ளியில் பாடுவது நான்கு தட்டு. கடையில் ஒலிப்பது 1949-இல் வந்த வால்ட்ஸ் வடிவம்.) ஸ்காட்லாந்து மெட்டு எப்படி ஜப்பானியக் குழந்தையின் வாய்க்குள் போய் உட்கார்ந்தது என்று தெரிந்துகொண்டாலே, ஜப்பானுக்குள் மேற்கத்திய செவ்வியல் இசை நுழைந்த வழி முக்கால்வாசி புரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு பேச்சு புழங்குகிறது. "ஜப்பான்காரன் எதையும் காப்பி அடிப்பான், பியானோவையும் அடித்தான்" என்பது ஒன்று. "இரண்டாம் உலகப் போரில் தோற்றதும் அமெரிக்கா தன் பண்பாட்டைத் திணித்தது" என்பது இன்னொன்று. மார்கழிக் கச்சேரி இடைவேளையில், கேண்டீன் வரிசையில் நின்றுகொண்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இரண்டாவதைக் கழிப்பது சுலபம். இன்று என்.எச்.கே. (ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம்) சிம்ஃபனி என்று பெயர் பெற்ற தோக்கியோ இசைக்குழு 1926-இல் தொடங்கியது. போர் முடிந்தபோது அதற்கு வயது பத்தொன்பது. முதல் பேச்சைக் கழிக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

## கைப்பக்குவமும் கிராம் கணக்கும்

வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வத்தக்குழம்பு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும். "புளி எவ்வளவு?" என்று கேட்டால் "ஒரு எலுமிச்சை அளவு" என்பார். எந்த எலுமிச்சை என்று கேட்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு, நாற்பது சமையல்காரர்கள், ஒருவரையொருவர் முன்பின் பார்க்காமல், ஒரே ருசியில் ஆக்க வேண்டும் என்றால் இது சரிப்படாது. கிராமும் நிமிடமும் எழுதிய தாள் வேண்டும்.

1868-இல் பேரரசர் மெய்ஜியின் புதிய ஆட்சி வருவதற்கு முந்திய ஜப்பானிய இசை, பாட்டியின் அடுக்களை. ஒரு அடுக்களை அல்ல, பல. அரண்மனையில் 'ககாக்கு' என்ற தொன்மையான அவையிசை. சாமுராய்களுக்கு நோ நாடகத்தின் பாட்டும் மேளமும். நகரத்து வணிகர்களுக்கும் கேளிக்கைத் தெருக்களுக்கும் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம். கோட்டோ என்ற நீண்ட தந்தி வாத்தியம் பார்வையற்ற இசைஞர்களின் சங்கம் ஒன்றின் கையில். ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலை வாசிக்கும் உரிமை ஃபுகே என்ற ஜென் பிரிவுத் துறவிகளுக்கு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிக் குறிப்பு முறை. ஒன்றைப் படிப்பவருக்கு இன்னொன்று புரியாது. பல இடங்களில் குறிப்பு வெறும் ஞாபகத்துக்குத்தான். உண்மையான பாடம் 'குச்சி-ஷோகா' என்கிற வாய்ப்பாட முறையில் நடக்கும். நம் மிருதங்கக்காரர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதைப் போன்றதுதான்.

மேற்கத்திய செவ்வியல் இசை என்று இங்கே நான் சொல்வது, ஐரோப்பாவில் தேவாலயத்திலும் அரண்மனையிலும் வளர்ந்து, பிறகு கச்சேரி அரங்குக்கு வந்த இசை. அதற்கு மூன்று அடையாளங்கள் போதும். ஒன்று, ஐந்து கோடுகளில் எழுதும் குறிப்பு. அதுதான் கிராம் கணக்குத் தாள். இரண்டு, ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறை. இதை ஒத்திசைவு என்று சொல்வோம். மூன்று, நிலையான சுருதி. பியானோவின் 'டோ' இன்றைக்கும் நாளைக்கும் அதே 'டோ'.

பழைய ஜப்பானிய இசையில் பல வாத்தியங்கள் சேர்ந்து வாசித்தாலும் பெரும்பாலும் எல்லாம் ஒரே மெட்டையே, ஆளுக்கு ஒரு சாயலில், கொஞ்சம் முந்தியும் பிந்தியும் பின்தொடரும். (ககாக்குவில் ஷோ என்ற வாயூது கருவி சுரக்கொத்துகளை ஒலிக்கும். ஆனால் அதன் தர்க்கம் ஐரோப்பிய ஒத்திசைவின் தர்க்கம் அல்ல.)

ஆக, 1868-இல் எல்லோருக்கும் பொதுவான 'ஜப்பானிய இசை' என்று ஒன்று இல்லை. வகுப்புக்கு வகுப்பு, தொழிலுக்குத் தொழில், வேறு வேறு இசை இருந்தது. 1871-இல் புதிய அரசு பார்வையற்றோர் சங்கத்தையும் ஃபுகே பிரிவையும் கலைத்தது. பழைய வேலிகள் விழுந்த நேரமும் புதிய இசை உள்ளே வந்த நேரமும் ஒன்றே.

## வந்துவிட்டுப் போன முதல் முறை

இதற்கு முந்நூறு ஆண்டு முன்பே ஒரு முறை ஐரோப்பிய இசை வந்து போயிருக்கிறது. 1549-இல் பிரான்சிஸ் சேவியர் ககோஷிமாவில் இறங்கினார். ஏசு சபைப் பாதிரிமார் தேவாலயப் பாட்டையும் வாத்தியங்களையும் கற்றுக்கொடுத்தார்கள். 1582-இல் நான்கு ஜப்பானியச் சிறுவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இளைஞர்களாகத் திரும்பி வந்து, 1591-இல் கியோத்தோவில் ஆட்சியாளர் தொயோதோமி ஹிதெயோஷி முன்னால் வாசித்தார்கள். 1605-இல் நாகசாகியில் இசைக்குறிப்புடன் ஒரு வழிபாட்டு நூலே அச்சானது.

1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. இசையும் கூடவே புதைந்தது. இகித்சுகி என்ற தீவில் மட்டும் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் 'ஒராஷோ' என்று சில ஜெபங்களை வாய்வழியாகக் காத்து வந்தார்கள். லத்தீன் சொற்கள் உருத்தெரியாமல் தேய்ந்து, பொருள் மறந்து, ராகம் மட்டும் நின்றது. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் தலை போகும்.

## பாசறை வாசல்

இரண்டாம் முறை இசை வந்தது ராணுவச் சப்பாத்தோடு. 1853-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் உராகாவில் நங்கூரம் போட்டபோது பாண்டு வாத்தியக் குழுவும் கூடவே வந்தது. ஜப்பானியப் பிரபுக்கள் அந்த இசையில் பார்த்தது அழகை அல்ல, ஒழுங்கை.

தேர் இழுக்கும்போது "ஏலேலோ" ஏன் வேண்டியிருக்கிறது? நூறு பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும் ஒரே நொடியில் இழுத்தால்தான் சக்கரம் அசையும். நவீனப் படையும் அப்படித்தான். ஆயிரம் பேர் ஒரே அடியில் நடக்க, ஒரே நேரத்தில் திரும்ப, மேளமும் ஊதுகொம்பும் கட்டளைத் தந்தியாக வேலை செய்தன. துப்பாக்கியை வாங்கிய கையோடு அதையும் வாங்கியாக வேண்டும்.

1869-இல் சத்சுமா என்ற சிற்றரசின் பிரபு முப்பது பேர் வரை இளைஞர்களை யோக்கோஹாமாவுக்கு அனுப்பினார். அங்கே பிரிட்டிஷ் படையின் பாண்டு தலைவர் ஜான் வில்லியம் ஃபென்டன், மியோகோஜி என்ற புத்த கோயிலில் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். லண்டனின் பெஸ்ஸன் கம்பெனியில் வாத்தியங்களுக்கு ஆர்டர் போனது. அவை 1870-இல்தான் கப்பலில் வந்து சேர்ந்தன.

தேசிய கீதம் பிறந்ததும் இந்த வாசலில்தான். நாட்டுக்கு ஒரு கீதம் வேண்டுமே என்று ஃபென்டன் சொல்ல, 'கிமிகயோ' என்ற பழைய வாழ்த்துக் கவிதையைத் தேர்ந்து கொடுத்தார்கள். அவர் அதற்கு ஒரு மெட்டுப் போட்டார். மெட்டு ஒரு பக்கம், ஜப்பானியச் சொற்களின் ஓட்டம் இன்னொரு பக்கம். யாருக்கும் பிடிக்கவில்லை. 1880-இல் அரண்மனை ககாக்கு இசைஞர்களே புது மெட்டுக் கட்டினார்கள். ஹயாஷி ஹிரோமோரியின் பெயரில் அது வழங்குகிறது. கடற்படைக்குப் பாடம் சொல்ல வந்திருந்த ஜெர்மானியர் ஃபிரான்ஸ் எக்கெர்ட் அதற்கு ஒத்திசைவு எழுதினார்.

அடுத்த முறை ஒலிம்பிக்கில் கிமிகயோ ஒலிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். முதல் வரியையும் கடைசி முடிப்பையும் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். அந்த இரண்டு இடத்திலும் எல்லா வாத்தியங்களும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கும். நடுவில் மட்டுமே ஐரோப்பிய ஒத்திசைவு தடிமனாக வந்து சேரும். தொடக்கமும் முடிவும் ஜப்பானிய முறையில் தனிமெட்டாக நிற்கின்றன. எக்கெர்ட் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்பேன்.

அரண்மனை இசைஞர்களும் 1874 முதல் ஃபென்டனிடம் மேற்கத்திய வாத்தியங்களைப் பயின்றார்கள். 1876-இல் பேரரசர் பிறந்தநாளில் வாசித்துக் காட்டினார்கள். இன்றும் அரண்மனை இசைத்துறையில் இருப்பவர் சடங்குக்கு ககாக்குவும், வெளிநாட்டுத் தலைவருக்கான விருந்தில் ஐரோப்பிய இசையும் வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளின் வேலை.

## பள்ளிக்கூட வாசல்

1872-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பாடத் திட்டத்தில் பாட்டு வகுப்பும் உண்டு. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "தற்போதைக்கு இல்லை." சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடையாது, புத்தகம் கிடையாது. எந்த இசையைக் கற்றுக்கொடுப்பது என்றே தெரியாது. ஷமிசென் பாட்டை வகுப்பில் வைக்க முடியுமா? அது கேளிக்கைத் தெருவின் வாசனையோடு வரும். ககாக்கு குழந்தைகளுக்கு எட்டாது.

இந்த முடிச்சை அவிழ்க்கப் புறப்பட்டவர் இசாவா ஷூஜி. 1875-இல் ஆசிரியர் பயிற்சி முறையைப் பார்த்து வர அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். மாசசூசெட்ஸில் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியர் பள்ளியில் எல்லாப் பாடமும் ஓடியது, பாட்டைத் தவிர. டோ-ரே-மி தொண்டையில் நிற்கவில்லை. "உமக்குப் பாட்டிலிருந்து விலக்கு" என்றார் தலைமையாசிரியர். அவமானத்தில் மூன்று நாள் அழுததாக இசாவாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு பாஸ்டனில் பள்ளி இசைக்குப் பொறுப்பாக இருந்த லூதர் வைட்டிங் மேசனைத் தேடிப் போய்ப் படித்தார். (ஆங்கில உச்சரிப்புக்காக அவர் போன இன்னொரு வாத்தியார் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். புதிதாகச் செய்த தொலைபேசியில் ஜப்பானியம் பேசிப் பார்த்தவர்களில் இசாவாவும் ஒருவர்.)

நாடு திரும்பியதும் 1879-இல் கல்வி அமைச்சகத்தில் ஓர் இசை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். மறு ஆண்டே மேசனை அழைத்துக்கொண்டார். அந்தக் குழு 1887-இல் தோக்கியோ இசைப்பள்ளியானது. இன்றைய தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவு அதன் தொடர்ச்சி. காப்பி அடித்தார்கள் என்பவர்கள் இசாவா எழுதிய திட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்றே அம்சம்: கிழக்கையும் மேற்கையும் கலந்து புதிய பாடல்கள் ஆக்குவது, நாட்டுக்கான இசையை எதிர்காலத்தில் உருவாக்கக்கூடிய ஆட்களை வளர்ப்பது, பள்ளிகளில் இசையைக் கொண்டுவருவது. ஐரோப்பிய இசையை ரசிக்கக் கற்றுக்கொடுப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

## மோகனம் என்ற பாலம்

1881 முதல் 1884 வரை தேதியிட்டு மூன்று தொகுதிகளாக ஆரம்பப் பள்ளிப் பாடல் நூல் வந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுகள், புதிதாக எழுதிய ஜப்பானியச் சொற்கள். ஹோதாரு நோ ஹிகாரி முதல் தொகுதியிலேயே இருக்கிறது. நமக்கு இது புது யோசனை அல்ல. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் கேட்ட ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதவில்லையா? பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில்தானே 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது.

ஆனால் ஸ்காட்லாந்து மெட்டு ஜப்பானியக் குழந்தையின் வாயில் சட்டென்று ஏன் ஒட்டியது? இங்கேதான் விஷயத்தின் உள்ளிருக்கும் பொறி தெரியும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேற்கத்திய இசையின் அடிப்படை ஏறுவரிசை டோ ரே மி ஃபா சோ லா தி. நம் கணக்கில் சங்கராபரணத்தின் ச ரி க ம ப த நி. இந்த ஏழு படியும் சம உயரம் அல்ல. க-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும், நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் படி பாதி உயரம்தான். இதை அரைச்சுர இடைவெளி என்போம். பழகாத தொண்டை வழுக்குவது இந்த இரண்டு அரைப்படிகளில்தான்.

ஜப்பானியர்கள் அந்த ஏழுக்கும் தங்கள் எண்களின் பெயரை வைத்தார்கள்: ஹி, ஃபு, மி, யோ, இ, மு, ந. 'யோ' என்றால் நான்கு, 'ந' என்றால் ஏழு. அந்த நான்கையும் ஏழையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து. இதற்கு 'யோநாநுகி' வரிசை என்று பெயர். 'நான்கும் ஏழும் நீங்கியது' என்று பொருள். நான்கு என்பது மத்திமம், ஏழு நிஷாதம். இரண்டையும் எடுத்தால் ச ரி க ப த. சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்நேரம் "அட, மோகனம்!" என்றிருப்பீர்கள். ஆம், சுரங்கள் அளவில் அதுவே. (ராகம் என்பது சுரப்பட்டியல் மட்டும் அல்ல. மோகனத்தின் கமகமும் பிடியும் அங்கே கிடையாது.)

ஆல்ட் லாங் சைன் மெட்டில் இருப்பதும் இந்த ஐந்து சுரங்கள்தான். ஐந்து சுர மெட்டு ஜப்பானியக் காதுக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஆகவே அந்தக் குழந்தை புது மொழியைக் கற்கவில்லை, தெரிந்த எழுத்துகளில் எழுதிய புதுச் சொற்களைப் படித்தது. பாட்டு பழகிய பிறகு ஃபா-வும் தி-யும் மெல்ல வந்து சேர்ந்தன.

இங்கே ஒரு தவறான பேச்சையும் வெட்டிவிட வேண்டும். "ஜப்பானியர்களுக்கு அரைச்சுரம் பாட வராது" என்று சிலர் எழுதுகிறார்கள். அபத்தம். கோட்டோவிலும் ஷமிசெனிலும் பரவலாக இருக்கும் நகரத்து ஐந்து சுர வரிசை ச ரி ம ப த. அதில் ரி-யும் த-வும் சுத்தமானவை, அதாவது ச-வையும் ப-வையும் அரைப்படியில் உரசி நிற்பவை. நம் 'கர்நாடக சுத்த சாவேரி' என்ற ராகத்தின் சுரங்கள். அரைச்சுரம் அவர்களுக்கு அத்துபடிதான். ஐரோப்பிய வரிசையில் அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் புதிது.

சுருக்கிச் சொன்னால்: படை ஒழுங்குக்காக பாண்டு வந்தது. கல்விக்காகப் பாட்டு வந்தது. ஏழு சுர இசை நேராக இறங்காமல் ஐந்து சுரப் பாலத்தின் வழியே குழந்தைகளின் காதுக்குள் இறங்கியது.

பாட்டின் சொற்களும் சும்மா வரவில்லை. ஹோதாரு நோ ஹிகாரி மின்மினி வெளிச்சத்தில் படித்த ஏழை மாணவனில் தொடங்கும். நான்காம் சரணத்துக்கு வந்தால் வடக்கே சிஷிமா தீவுகளும் தெற்கே ஒக்கினாவாவும் நம் நாட்டின் காவல் எல்லை என்று போகும். இன்று பள்ளிகளில் இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

## சுருதி சேராத ஆர்கன்

பாட்டு வந்தது, சரி. வகுப்பில் சுருதி கொடுக்க என்ன செய்வது? இறக்குமதி ஆர்கன் எல்லாப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது.

1887. ஹமமாட்சு நகரத்துப் பள்ளி ஒன்றில் அமெரிக்க ரீட் ஆர்கன் பழுதாகிவிட்டது. ரீட் ஆர்கன் என்றால் காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் பெரிய ஹார்மோனியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மருத்துவக் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். பெயர் யமஹா தோராகுசு. திறந்து பார்த்து ஸ்பிரிங்கைச் சரி செய்தார். சரி செய்ததோடு உள்ளே இருந்ததை எல்லாம் படம் வரைந்துகொண்டார். "இதை நாமே செய்யலாமே!"

கவாய் கிசாபுரோ என்ற கைவினைஞரோடு சேர்ந்து ஒரு ஆர்கனைச் செய்தார். அது நன்றாக இருக்கிறதா என்று ஹமமாட்சுவில் யாருக்குத் தெரியும்? இருவரும் அதை ஒரு கழியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, தோக்கியோ இசைப்பள்ளிக்கு நடந்தார்கள். சுமார் 250 கிலோமீட்டர். இசாவா வாசித்துப் பார்த்தார். வடிவம் நன்றாக இருக்கிறது, சுருதி சரியில்லை, இது பயன்படாது என்றார்.

கேட்டவுடன் மனசு கனக்கிறது இல்லையா? ஆனால் இந்தக் கதையின் சாரமே அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. யமஹாவிடம் தச்சும் இருந்தது, இயந்திர அறிவும் இருந்தது. இல்லாதது காது. ஆர்கனில் வேண்டியது சம இடைவெளிச் சுருதி. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, எந்தப் பங்கிலிருந்து தொடங்கினாலும் ஒரே அச்சில் வரும்படி வைக்கும் ஏற்பாடு அது. கமகம் நெளிய இடமில்லாத ஏற்பாடு. அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை ஒதுக்கியதற்கும் அந்த நெளியாத சுரமே முக்கியமான காரணம். நமக்குக் குறையாகப் பட்டது இசாவாவுக்குத் தேவையாக இருந்தது. நாடு முழுக்க எல்லா வகுப்பிலும் 'டோ' ஒன்றாக ஒலிக்க வேண்டும்.

இசாவா அவரைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. ஒரு மாதம் போல இசைப்பள்ளியிலேயே உட்கார்ந்து சுருதிப் பாடம் கேட்க வைத்தார். யமஹா இசைக்கவையும் கையுமாகக் காதைப் பழக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். இரண்டாவது ஆர்கன் தேறியது. 1897-இல் நிப்போன் கக்கி என்ற கம்பெனி, 1900-இல் நிமிர்ந்த பியானோ. இன்று வாகனத்திலும் வாத்தியத்திலும் நாம் பார்க்கும் மூன்று இசைக்கவைச் சின்னத்தின் வேர் இந்தக் கதையில் இருக்கிறது.

நாகோயாவில் ஷமிசென் செய்துகொண்டிருந்த சுசுகி மாசாகிச்சியும் அதே காலத்தில் வயலின் செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போரில் ஜெர்மன் வயலின் ஏற்றுமதி நின்றபோது அவருடைய தொழிற்சாலை உலகச் சந்தைக்கே வயலின் அனுப்பியது. தாய்மொழியைக் குழந்தை கேட்டுக் கற்பது போல இசையையும் கேட்டுக் கற்கலாம் என்று சொன்ன சுசுகி முறையை உருவாக்கிய ஷினிச்சி, அவர் மகன். அப்பா ஷமிசென் தச்சர், மகன் பெர்லினில் வயலின் படித்தவர். ஒரு தலைமுறைதான் இடைவெளி.

## அழிக்கப்பட்ட ஒரு குறி

கருவியாக வந்தது கலையானது எப்போது? தோக்கியோ இசைப்பள்ளியின் முதல் பிள்ளைகள் வளர்ந்தபோது. கோடா நோபு என்ற பெண்மணியை அரசு 1889-இல் பாஸ்டனுக்கும் பிறகு வியன்னாவுக்கும் அனுப்பியது. இசைக்காக அரசு வெளிநாடு அனுப்பிய முதல் ஆள் அவர். திரும்பி வந்து வயலின் சொனாட்டாக்கள் எழுதினார். பின்னால் வந்த ஆண்களின் பெயர்களுக்கு நடுவே இவர் பெயர் வெகுகாலம் மங்கிக் கிடந்தது.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தாக்கி ரென்தாரோ. 1901-இல் வந்த 'கோஜோ நோ த்சுகி' என்ற பாட்டு அவருடையது. இடிந்த கோட்டையின் மேல் நிலா. அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போனார், காசநோயோடு திரும்பினார், 1903-இல் இருபத்து மூன்று வயதில் இறந்தார்.

அந்தப் பாட்டின் முதல் வரியிலேயே 'ஹானா நோ என்', மலர் விருந்து, என்று ஒரு சொல். 'எ' என்ற அசையில் தாக்கி ஒரு கூர்ப்புக் குறி போட்டிருந்தார், அதாவது சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி. நம் மொழியில் அது பிரதி மத்திமம். பஞ்சமத்தை உரசிக்கொண்டு நிற்கும். 1917-இல் யமாடா கோசாகு இந்தப் பாட்டுக்குப் பியானோப் பக்கவாத்தியம் எழுதியபோது, வேகத்தைக் குறைத்தார், சுருதியை மாற்றினார், அந்தக் குறியையும் எடுத்துவிட்டார். பிரதி மத்திமம் சுத்த மத்திமமானது. பாட்டு இன்னும் 'ஜப்பானியமாக' ஒலித்தது. அதுவே ஊரெல்லாம் பரவியது. பிற்பாடு அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் இதை வாசித்துப் பதிவு செய்தபோது கொடுத்த தலைப்பு, 'ஜப்பானிய நாட்டுப்பாட்டு'. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு தாக்கிக்கு.

யமாடா சாதாரண ஆள் அல்ல. பெர்லினில் படித்து 1912-இல் ஜப்பானியர் எழுதிய முதல் சிம்ஃபனியை முடித்தவர். நாம் தொடக்கத்தில் பார்த்த 1926-ஆம் ஆண்டு இசைக்குழுவுக்கு வழி போட்டவர்களில் அவரும் கொனோயே ஹிதெமாரோவும் முக்கியமானவர்கள்.

## கைதிகளின் ஒன்பதாவது

முதல் உலகப் போரில் சீனாவின் சிங்தாவில் பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகள் ஆயிரம் பேர் ஷிகோகு தீவில் பாந்தோ முகாமில் இருந்தார்கள். முகாம் தலைவர் மாட்சுயே தோயோஹிசா அவர்களை மரியாதையாக நடத்தினார். 1918 ஜூன் 1 அன்று கைதிகள் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை முழுதாக வாசித்தார்கள். ஆசியாவில் அதுவே முதல் முறை. முகாமில் பெண்கள் ஏது? பெண் குரல் பகுதிகளை ஆண்களுக்கு மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

இன்று டிசம்பரில் ஜப்பானெங்கும் ஒன்பதாவது ஒலிப்பதற்கு இந்தக் கச்சேரியே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். நேர்க்கோடு அப்படி இல்லை. முகாமுக்குள் நடந்ததை வெளியே கேட்டவர்கள் வெகு சிலரே. தோக்கியோ இசைப்பள்ளி 1924-இல் தானாகவே அதை மேடையேற்றியது. 1940 டிசம்பர் 31 இரவு வானொலியில் ஒலிபரப்பானது. போருக்குப் பின் இசைக்குழுக்களுக்கு ஆண்டுக் கடைசியில் பணமுடை. ஒன்பதாவதில் பெரிய கூட்டுப்பாடல் உண்டு. நூறு பேர் பாடினால் அந்த நூறு வீட்டாரும் டிக்கெட் வாங்குவார்கள். பீத்தோவனுக்கு 'மானுட சகோதரத்துவம்', மேலாளருக்கு அரங்கு நிறைவு. பழக்கம் வேரூன்ற இரண்டும் தேவைப்பட்டன.

பாடுபவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் கடைக்காரர், அலுவலர், ஓய்வு பெற்றவர். ஜெர்மன் தெரியாமல் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள். ஒசாக்காவில் 1983 முதல் பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடும் கச்சேரியே நடக்கிறது. சேர்ந்து பாடக் கற்றது பள்ளியில். இசாவா போட்ட பாதை இங்கே வந்து சேர்கிறது.

## அப்படியானால் பழைய இசை?

அது சாகவில்லை. தனி அறைக்குப் போனது. 'ஓங்காக்கு' என்று சும்மா சொன்னால் பள்ளியிலும் பேச்சிலும் மேற்கத்திய அடிப்படையில் அமைந்த இசையே பொருளானது. சொந்த இசைக்கு 'ஹோகாக்கு' என்று அடைமொழி ஒட்ட வேண்டியதாயிற்று. வயலின் நம்மிடம் வந்தபோது பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு இசையை விட்டுவிட்டார்கள். ஜப்பானில் இசையின் இலக்கணத்தையே பள்ளிப்பாடமாக்கினார்கள். வாத்தியம் பின்னால் வந்தது. இரண்டு கதைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

மியாகி மிச்சியோ போன்றவர்கள் கோட்டோவில் மேற்கத்திய வடிவங்களைக் கலந்து எழுதினார்கள். 1929-இல் அவர் ஆக்கிய 'ஹாரு நோ உமி' இன்றும் புத்தாண்டு வந்தால் கடைகளில் கேட்கும். தகெமிட்சு தோரு வேறு மாதிரி. போர்க்கால நினைவு கலந்திருந்ததால் இளமையில் ஜப்பானிய இசை என்றாலே அவருக்கு ஆகாது. பிறகு பொம்மலாட்ட இசையைக் கேட்டு அதிர்ந்துபோனார். 1967-இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குக்காக எழுதிய 'நவம்பர் ஸ்டெப்ஸ்'-இல் பிவா என்ற தந்தி வாத்தியத்தையும் ஷாகுஹாச்சியையும் சிம்ஃபனிக் குழுவின் முன்னால் உட்கார வைத்தார். இரண்டையும் அவர் கலக்கவில்லை. எதிரெதிராக ஒலிக்க விட்டார்.

2002-இல் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நடுநிலைப் பள்ளி மூன்றாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு ஜப்பானிய வாத்தியமாவது கற்க வேண்டும் என்றது. அதற்கு முதல் சிக்கல், இசை ஆசிரியர்களில் பெரும்பாலோர் பியானோவில் பயிற்சி பெற்றவர்கள். கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்புக்குப் போய், விரலில் நகக்கவசம் மாட்டி, கோட்டோவின் பதின்மூன்று தந்தியில் எது எந்தச் சுரம் என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். இசாவா பிரிட்ஜ்வாட்டரில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில், எதிர்ப்பக்கமாகத் திரும்பி.